பொலிஸ் அத்துமீறலா? ஒரு மாதத்துக்குள் இதைச் செய்யுங்கள்

பொலிஸார் காரணம் சொல்லாமல் கைது செய்தாலோ, தடுப்பில் அடித்தாலோ, ஒரு மாதம் முடியுமுன் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள்.

அரச அதிகாரிகள் உரிமையை மீறினால் நீதி கேட்டுப் போடும் அடிப்படை உரிமை மனுவை, ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில் (Supreme Court) தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை. சட்டத்தரணி, பயணம், பணம் என்று அலைவதற்குள் மூதூர், கிண்ணியாக் குடும்பங்களுக்கு அந்த மாதம் போயே விடும். ஆனால் ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்திருந்தால், ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு இது.

முறைப்பாட்டுப் பிரதி மட்டும் போதாது. விசாரணை உண்மையிலேயே நடக்கிறது என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். வசதி இருந்தால் காத்திராமல் மனுவையே போடுவது நல்லது.

நீதவான் பிறப்பித்த விளக்கமறியல் கட்டளைக்கு இந்த வழி பொருந்தாது. அதற்குப் பிணை விண்ணப்பம், மீளாய்வு என்று சட்டத்தரணியோடுதான் பேச வேண்டும். தனியாள் செய்த அநியாயத்துக்கும் இது உதவாது.