கலப்பு உரம்: மூட்டை மேல் உள்ள எண்ணைப் படிக்காமல் வாங்காதீர்கள்

உரக்கடையில் போய் "கடலைக்கு ஒரு மூட்டை குடுங்கண்ணே" என்று மொட்டையாகக் கேட்டால், கடையில் என்ன இருப்பு இருக்கிறதோ அதுதான் வண்டியில் ஏறும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நடக்கும் பெரிய தவறு இதுதான். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

கலப்பு உரத்தில் வசதி உண்டு. ஆள் கிடைக்காத காலத்தில் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து மூன்றையும் ஒரே நடையில் தூவிவிடலாம். ஆலையிலேயே சேர்த்து வரும் காம்ப்ளெக்ஸ் உரத்தில் எல்லாச் சத்தும் ஒரே குருணைக்குள் இருப்பதால் விகிதத்தை நாம் மாற்ற முடியாது. தனித்தனி உரங்களைக் கலக்கும்போது மண்ணுக்கும் பயிருக்கும் தக்கபடி கூட்டிக் குறைக்கலாம். ஆனால் அந்த வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

மானாவாரி நிலக்கடலையையே எடுத்துக்கொள்வோம். வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை தழை, மணி, சாம்பல் என்ற வரிசையில் ஹெக்டேருக்கு 10:10:45 கிலோ, அதாவது ஏக்கருக்கு 4:4:18. மூட்டை மேல் உள்ள எண் அதே வரிசையில் சத்தின் சதவீதம்; 17:17:17 மூட்டை 50 கிலோவில் ஒவ்வொரு சத்தும் 8.5 கிலோ. ஏக்கருக்கு ஒரு மூட்டை போட்டால் தழையும் மணியும் தேவைக்கு இரண்டு மடங்கு, சாம்பல் சத்து பாதிகூட இல்லை. செடி பச்சைப்பசேல் என்று தழைக்கும், பிடுங்கிப் பார்த்தால் காய் குறைவாக இருக்கும். 20:20:0:13 வாங்குகிறவர்கள் அந்தச் சைபரைக் கவனியுங்கள். அது சாம்பல் சத்து. கடைசியில் உள்ள 13 கந்தகம்.

அதே 4:4:18-ஐ யூரியா 9 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 25 கிலோ, பொட்டாஷ் 30 கிலோ கலந்து நாமே கொண்டுவரலாம். சூப்பரில் கடலைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் கூடவே வரும். அதற்காக ஜிப்சத்தை விட்டுவிடக் கூடாது, அது மண் அணைக்கும்போது தனியாகப் போட வேண்டியது.

ஆனால் யூரியாவையும் சூப்பரையும் முதல்நாளே கலந்து வைத்தால் நீர்விட்டுக் களியாகிவிடும், ஐப்பசி ஈரத்தில் கேட்கவே வேண்டாம். தூவுகிற அன்று, வயலிலேயே கலப்பதுதான் சரி. தழையும் மணியும் உள்ள டிஏபி உரத்தோடு சுண்ணாம்போ அடுப்புச் சாம்பலோ சேர்த்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்துதான் அப்படிக் காற்றில் போகிறது. நெல்லுக்குப் போடும் ஜிங்க் சல்பேட்டையும் டிஏபி, சூப்பரோடு சேர்க்காதீர்கள். மணிச்சத்தோடு இறுகிக்கொண்டால் இரண்டுமே பயிருக்கு எட்டாது. ஏக்கருக்கு 10 கிலோவை 20 கிலோ மணலில் கலந்து தனியாகத் தூவிவிடலாம்.

பலர் கவனிக்காத இன்னொன்று, குருணை பிரிவது. பெரிய குருணையும் சிறிய குருணையும் கலந்த மூட்டை டிராக்டரில் குலுங்கி வந்தால் சிறியது அடியில் தங்கிவிடும். மேலிருந்து அள்ளித் தூவினால் வயலின் ஒரு பக்கம் ஒரு சத்து, மறுபக்கம் வேறொன்று. பயிர் திட்டுத்திட்டாக வெளுத்தால் உடனே நோய் என்று மருந்து வாங்க ஓடாதீர்கள். சாக்கில் கொட்டி, மண்வெட்டியால் நன்றாகப் புரட்டிவிட்டுத் தூவுங்கள். முடிந்தவரை ஒரே அளவுக் குருணையாகப் பார்த்து வாங்குங்கள்.

நம் செம்மண்ணுக்குப் பிடிப்பு குறைவு. நெல்லுக்கு வேண்டிய தழைச்சத்து முழுவதையும் நடவுக்கு முன் அடியுரமாகக் கொட்டினால் ஒரு பெருமழையில் கீழே இறங்கிவிடும். கலப்பு உரத்தை அடியுரத்தோடு நிறுத்திக்கொண்டு, யூரியாவையும் பொட்டாஷையும் பயிர் வளரும்போது மேலுரமாகப் பிரித்துக் கொடுக்கலாம், அதுவும் கண்மாயில் தண்ணீர் இருப்பதைப் பார்த்து.

வாங்கும்போது சத்து விகிதம், எடை, தயாரித்த மாதம் மூட்டையில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தரம் குறைந்த உரம் விற்பது குற்றம். ஆனால் பில் இல்லாமல் புகார் கொடுத்தால் எடுபடுவது கஷ்டம். மண் பரிசோதனைக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். அறுவடை முடிந்து எருப் போடுவதற்கு முன், வரப்போரமும் மர நிழலும் தவிர்த்துப் பல இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து கொண்டுபோங்கள்.