பாட்டி கதையை முடிக்க விட்டோம்

போன பண்டிகைக்குப் பாட்டி பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் தள்ளுபடி விளம்பரம் ஒன்று வர, போனை எடுத்தேன். நிமிர்ந்தால் அவர் பேச்சை நிறுத்திவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை.

இந்த வருடம் பிள்ளைகளிடம், எது இல்லாவிட்டால் பண்டிகை மாதிரியே இருக்காது என்று கேட்டேன். வாங்கும் பொருளை ஒருவர்கூடச் சொல்லவில்லை. பாட்டி கதையும் சேர்ந்து சமைப்பதும்தான் வந்தன.

சரி என்று கடைக்குப் போய் வாங்கும் வேலையை ஒரு வாரம் முன்பே முடித்தோம். பண்டிகையன்று கூப்பிட வேண்டாம் என்று அலுவலகத்திலும் சொல்லிவிட்டேன். ஆண்ட்ராய்டு போனில் 'தொந்தரவு செய்யாதே' வசதியைப் போட்டு, ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் மறுபடி அழைத்தால் மட்டும் மணி அடிக்கும்படி வைத்தேன். அவசரத்துக்கு அது போதும்.

அப்புறம் பாட்டி கதையை முழுசாகச் சொல்லி முடித்தார்.