கார்ப்பெட் சுத்தம்: எங்கே கோட்டை விடுகிறோம்?

கார்ப்பெட் கழுவும் மெஷினைப் பார்க்கப் போனால் பலரும் கேட்பது, தண்ணீரை எவ்வளவு வேகமாகப் பீய்ச்சும் என்பதைத்தான். விட்ட தண்ணீரில் எவ்வளவு திரும்ப உறிஞ்சும் என்றல்லவா கேட்க வேண்டும்! உறிஞ்சும் திறன் இல்லாத மெஷினில் அழுத்தத்தைக் கூட்டினால், தண்ணீர் இழையைத் தாண்டி அடித்துணிக்கும் அதற்குக் கீழே உள்ள ஃபோமுக்கும் இறங்கிவிடும். அடித்துணியின் பசை விட்டுப்போகும். சணல் அடித்துணியாக இருந்தால் பழுப்பு நிறம் மேலேறும். ஓரிரு நாள் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். போய்விட்டது என்று நினைத்த கறைகூட, காயக் காய ஈரத்தோடு இழை நுனிக்கு ஏறி மறுநாள் பல்லிளிக்கும். எனவே ஒருமுறை தண்ணீர் விட்டு இழுத்த இடத்தில், தண்ணீரை நிறுத்திவிட்டு இரண்டு முறையாவது வெறுமனே உறிஞ்சுங்கள். ஃபேன் ஓடினால் 6 முதல் 12 மணி நேரத்தில் காய்ந்துவிடும். 24 மணி கடந்தும் காலில் ஈரம் பட்டால் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

வேக்யூம் போடாமல் நனைப்பது அடுத்த தவறு. அழுக்கில் பெரும்பங்கு உலர்ந்த மண்ணும் தூசியும்தான், நனைத்தால் சேறாகிவிடும்.

நுரை பொங்கினால் சுத்தம் என்ற நம்பிக்கையும் லேசில் போகாது. அலசாமல் விட்ட ஷாம்பூ பிசுபிசுத்து, புது அழுக்கை இழுத்துப் பிடிக்கும். கழுவிய கார்ப்பெட் முன்னைவிடச் சீக்கிரம் கறுப்பது இதனால்தான். அழுக்குத் தண்ணீர் டாங்க்கில் நுரை நிரம்பி வேக்யூம் மோட்டாருக்குள் போனால் மோட்டாருக்கும் ஆபத்து. நுரை அடக்கும் திரவத்தை அந்த டாங்க்கில் ஊற்றி வைப்பது நல்லது. ஷாம்பூவைத் தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, 10 நிமிடம் ஊறவிட்டால் குறைந்த அளவே போதும். ஊறும்போது காய விடக் கூடாது.

ஆளை அமர்த்தும்போது, கார்ப்பெட்டைப் பார்க்காமலேயே போனில் முடிவான விலை சொல்பவரைத் தவிருங்கள். எந்த இழை என்று தெரியாமல் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியாது. கம்பளிக்குக் காரம் மிகுந்த கலவை ஆகாது. குளோரின் பிளீச் கம்பளி இழையையே கரைத்துவிடும். பட்டுப்போல மின்னும் விஸ்கோஸ் நனைந்தாலே வலுவிழக்கும், மஞ்சளிக்கும். விவரம் தெரிந்தவர், வேலை தொடங்கும் முன் மூலையில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பார். சுத்தம் செய்யும் தொழிலில் இருப்பவர்களுக்குச் சான்று தரும் ஐஐசிஆர்சி போன்ற அமைப்பின் சான்றிதழ் இருந்தால், அது வேலைக்கு வரும் ஆளிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எந்தக் கறையானாலும் போக்கித் தருவேன் என்று சத்தியம் செய்பவரிடம் எச்சரிக்கை தேவை. பிளீச் பட்டு வெளுத்த இடம் கறையே அல்ல, போன சாயம். அதைக் கழுவி மீட்க முடியாது. சாயம்தான் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அந்தத் துண்டை வெட்டி ஒட்டுப்போட வேண்டும்.