புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் படிக்கப் போகிறீர்களா? பாட்டு தேடும் வழி இதோ

விமானம் ஏறும் முன்பே ஸ்பாட்டிஃபை கணக்கைக் கவனியுங்கள். இலவசக் கணக்கு வெளிநாட்டில் 14 நாள்தான் ஓடும். பிறகு, கணக்கில் நாட்டை பிரான்ஸ் என்று மாற்ற வேண்டும். மாற்றியதும் சில தமிழ்ப் பாட்டுகள் மங்கிப்போய், அழுத்தினாலும் பாடாது. அந்த நாட்டில் அவற்றுக்கு உரிமம் இல்லை என்று அர்த்தம். கட்டணக் கணக்கான பிரீமியத்தில் இறக்கி வைத்த பாட்டுகளும் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு சேர்ந்தால்தான் நிலைக்கும். ஆகவே இல்லாமல் முடியாது என்கிற பாட்டுகளை வீட்டு சிடியிலிருந்து எம்பி3 ஆக்கி, பென் டிரைவில் கொண்டுபோய்விடுங்கள்.

புதுப் பாட்டுக்குச் செயலியை நம்பிப் பயனில்லை. போன வாரம் கேட்டதையே சட்டை மாற்றிக் கூட்டிவரும். படிக்கும்போது மழைச் சத்தம் ஓடவிடுகிறவர்களுக்கு இன்னும் மோசம், பரிந்துரை முழுக்க மழையாகவே பெய்யும். அந்தப் பட்டியலை மட்டும் ரசனைக் கணக்கிலிருந்து விலக்கிவைக்க அமைப்பு உண்டு, பயன்படுத்துங்கள்.

அதைவிட நல்ல வழி ஃபிப் வானொலி. 1971இல் தொடங்கியது, இப்போது ரேடியோ பிரான்ஸ் என்ற பிரெஞ்சுப் பொது வானொலி நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. ஷான்சோன் என்கிற பிரெஞ்சுப் பாட்டு, ஜாஸ், ஆப்பிரிக்க இசை, சினிமா இசை எல்லாம் அடுத்தடுத்து வரும். பேச்சு குறைவு. ஒரு பாட்டு பிடித்தால் மணியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் எது ஒலித்தது என்று அவர்கள் தளத்திலேயே தேடலாம். புதுச்சேரியில் இருக்கும்போதே கேட்டுப் பழகலாம். ஆனால் பிரான்ஸ் மணி கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்தங்கியது. கழிக்க மறந்தால் வேறு பாட்டில் போய் நிற்பீர்கள்.

கடையில் ஒலிக்கும் பாட்டு எது என்று, பாட்டை அடையாளம் காணும் ஷசாம் செயலி சொல்லிவிடும். மெட்ரோவில் அக்கார்டியன்காரர் வாசிப்பதைப் பெரும்பாலும் சொல்லாது, காரணம் அது ஒப்பிடுவது பதிவான ஒலித்தடத்தை. அப்போது கூகுள் செயலியின் மைக்கை அழுத்தி, மெட்டை 10 முதல் 15 விநாடி முணுமுணுத்துப் பாருங்கள். சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை.

பெயர் கிடைத்ததும் பாடகரோடு நின்றுவிடாதீர்கள். எழுதியவர், மெட்டமைத்தவர், வாத்திய ஏற்பாடு செய்தவர் என்று பின்னோக்கிப் போனால்தான் பழைய சரக்கு கையில் சிக்கும். பாரிசின் லே ஆல் பகுதியில் உள்ள நகராட்சி இசை நூலகம் இதற்கென்றே இருப்பது. இசைத்தட்டு, சிடி, இசைக்குறிப்பு எல்லாம் அங்கே உண்டு, உள்ளே போக அட்டை வேண்டாம்.

தமிழ்ப் பழம்பாட்டுக்கும் இதே வழிதான், சிக்கல்தான் வேறு. செயலியில் காட்டும் ஆண்டு பெரும்பாலும் தொகுப்பு வெளியான ஆண்டு, அதனால் 1950களின் பாட்டு 2000க்குப் பிந்தியது போலத் தெரியும். ஆங்கில எழுத்தில் தேடினால் ‘ழ’வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். தமிழிலும் ஆங்கிலத்திலுமாக இரண்டு முறை தேடுங்கள். சந்தேகம் தீர ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் வானொலி நேயர் விருப்பம் கேளுங்கள். படம், இசையமைப்பாளர், கவிஞர், பாடியவர் என்று அறிவிப்பாளர் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்.

நேரில் கேட்க, பாரிஸ் கன்சர்வத்துவார் என்ற இசைக் கல்லூரியின் மாணவர் கச்சேரிகள் பலவற்றுக்கு நுழைவு இலவசம். 1982 முதல் ஜூன் 21இல் நடக்கும் இசை விழாவான ஃபெத் த லா மியூசிக் புதுச்சேரிக்காரர்களுக்கு அறிமுகமானதுதான். பாரிசில் அன்று இருட்ட இரவு பத்தாகும். மாலை ஐந்துக்கே கிளம்பி, தேவாலய முற்றங்களிலும் சின்னத் தெருக்களிலும் கேளுங்கள். பத்துக்கு மேல் மூலைக்கு மூலை ஸ்பீக்கர் இடிதான்.

ஊரில் காதில் விழாத தமிழ் இசையும் அங்கே உண்டு. பாரிசின் லா ஷப்பேல் பகுதியில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் கோடை முடிவில் வரும். ஈழத்து நாதஸ்வரம், தவிலை அங்கே பக்கத்தில் நின்று கேட்கலாம். வாசிப்பவர் பெயரையும் அவருடைய குருவின் பெயரையும் விசாரியுங்கள். அந்த வரிசையில் மேலே போனால் தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவுகளை எட்டுவீர்கள்.

கிளப், ராக் கச்சேரிக்குப் போனால் பாரில் காதடைப்பான் கேளுங்கள். பிரெஞ்சுச் சட்டப்படி ஒலி 102 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதடைப்பான் இலவசமாகவும் தர வேண்டும். ‘பூஷோன்’ என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். அரங்குக்குள் நுழையும்போதே மாட்டுங்கள், காது இரைந்த பிறகு மாட்டிப் பயனில்லை.