குழாய்க்கு முன்னால் மவுண்ட்: தூக்கிச் செல்லும் வானப் படக் கருவிகள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, பேட்டரியை சார்ஜ் போடாமல் கிளம்புவது, மெமரி கார்டை மேஜையிலேயே விட்டுவிட்டு வருவது: இவையெல்லாம் ஓர் இரவு வீணானால் தானாகத் திருந்திவிடும். அவற்றை இங்கே பேசப்போவதில்லை. வாங்கும்போதே நடந்துவிடுகிற தவறுகள் வேறு வகை. கருவியோடு சேர்ந்து பெட்டிக்குள்ளேயே வந்து, ஒவ்வொரு இரவும் தலைகாட்டும். புதிதாக வருகிறவர்கள், பழைய ஆட்கள் விழுந்து எழுந்த அதே பள்ளத்தில் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

குழாயை வாங்கிவிட்டு, மிச்சக் காசில் மவுண்ட் தேடுவது

குழாய் என்றால் தொலைநோக்கி; மவுண்ட் என்றால் அதைச் சுமந்து, வானத்தின் ஓட்டத்தோடு திருப்பும் தாங்கி. அதிகம் செலவு வைக்கும் தவறு இதுதான். இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான். "தொலைநோக்கி முடிவு பண்ணிட்டேன், அதுக்கு ஏத்த மாதிரி சின்னதா ஒரு மவுண்ட் சொல்லுங்க" என்று கேட்பார்கள். கேள்வியே தலைகீழ்.

கண்ணால் பார்ப்பவருக்கு அது பரவாயில்லை. குழாய் ஆடினால் ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து பார்த்துக்கொள்ளலாம். கேமரா காத்திருக்காது, ஷட்டர் திறந்திருக்கும்வரை நடந்த ஒவ்வோர் அசைவையும் பதிந்துவிடும். பூமியின் சுழற்சியால் வான நடுவரைக்கு அருகில் உள்ள விண்மீன் நொடிக்கு 15 ஆர்க் செகண்ட் நகர்கிறது. ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஆர்க் செகண்ட். உங்கள் கேமராவின் பிக்சல் அளவை (மைக்ரானில்) 206-ஆல் பெருக்கி, குழாயின் குவியத்தூரத்தால் (மி.மீ.யில்) வகுத்தால், ஒரு பிக்சலில் எத்தனை ஆர்க் செகண்ட் வானம் விழுகிறது என்று தெரியும். 3.76 மைக்ரான் பிக்சல், 400 மி.மீ. குழாய் என்றால் 1.94. மவுண்ட் ஓடாவிட்டால் விண்மீன் நொடிக்கு எட்டு பிக்சல் தாண்டிப் போகும். அதை இரண்டு மூன்று நிமிடம் ஒரே பிக்சலுக்குள் பிடித்து நிறுத்துவது மவுண்டின் வேலை. குழாய் எவ்வளவு உசத்தியானாலும் அதில் அதற்குப் பங்கில்லை.

அடுத்து, பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண். "5 கிலோ தாங்கும்" என்றால் 5 கிலோவைச் சுமந்து மோட்டார் திணறாமல் சுற்றும் என்று மட்டுமே பொருள். அந்தச் சுமையோடு விண்மீன் புள்ளியாக விழும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. படம் பிடிக்க அந்த எண்ணில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள், மிஞ்சிப்போனால் அறுபது சதவீதம். குழாய்க்குச் சமனாக மறுபக்கம் மாட்டும் எதிர் எடைக்கட்டி இந்தக் கணக்கில் சேராது.

சுமையைக் கணக்கிடும்போதும் ஏமாற்றம் உண்டு. 72 மி.மீ. சின்ன ரிஃப்ராக்டர் (முன்னால் லென்ஸ் கொண்ட குழாய்), "குழாய் 2 கிலோதான்" என்பார்கள். குழாயை மவுண்டில் பூட்டும் வளையங்களும் டவ்டெயில் பட்டையும் அரைக் கிலோ. படத்தின் மூலைவரை விண்மீனைக் கூர்மையாக்கும் ஃபீல்டு ஃப்ளாட்னர் லென்ஸ் 300 கிராம். டிஎஸ்எல்ஆர் உடல் 700 கிராம். ஒரு விண்மீனைக் கண்காணித்து மவுண்டைத் திருத்தும் (இதுதான் கைடிங்) கைடு ஸ்கோப்பும் அதன் கேமராவும் 400 கிராம். ஃபோகஸ் மோட்டார் 300, பனி விரட்டும் ஹீட்டர் பட்டை, தொங்கும் வயர்கள், மேலே ஒட்டிய சின்னக் கணினி இன்னொரு 400. கூட்டினால் நாலரைக் கிலோவைத் தாண்டிவிட்டது. 5 கிலோ டிராக்கரின் (சின்ன மவுண்ட்) மேல் இதை ஏற்றிவிட்டு, "இன்னும் 400 கிராம் பாக்கி இருக்கே" என்று மகிழ்வதைப் பார்த்திருக்கிறோம்.

பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதல் இரவில் விண்மீன்கள் அரிசிமணி போல நீண்டு விழும். குற்றம் போலார் அலைன்மென்ட் மேல், அதாவது மவுண்டின் அச்சை வானத் துருவத்துக்கு நேராக வைப்பதன் மேல் போகும். ஒரு மணி நேரம் அதைத் திருகுவார்கள். அதிலும் சரியாகாமல், கைடு ஸ்கோப் இல்லாதவர்கள் ஆட்டோகைடர் (அதே கைடு கேமரா ஏற்பாடு) வாங்குவார்கள். அது வந்ததும் சுமை இன்னும் 400 கிராம் ஏறும். கைடிங் வரைபடம் ரம்பப் பல் போல ஏறி இறங்கும். அமைப்புகளை மாற்றி மாற்றி இரண்டு அமாவாசை போய்விடும். கடைசியில் பெரிய மவுண்டை வாங்குவார்கள், முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியதை.

எண்களைப் பார்த்தால் காரணம் தெளிவாகும். போலார் அலைன்மென்டில் 5 ஆர்க் நிமிடம் பிசகினால், மோசமான திசையில்கூட விண்மீன் நிமிடத்துக்கு 1.3 ஆர்க் செகண்டுதான் நகரும். மேலே சொன்ன 400 மி.மீ. குழாயில் அது ஒரு பிக்சலுக்கும் குறைவு. ஆனால் 144 பல் கொண்ட வார்ம் கியர் மவுண்டில், பல்சக்கரத்தைத் திருப்பும் திருகு போன்ற புழு ஒரு சுற்று வர 598 நொடி ஆகும். அந்தச் சுற்றுக்குள் அங்குமிங்கும் மொத்தம் 40 ஆர்க் செகண்ட் தள்ளாடினால், மோசமான கட்டத்தில் நொடிக்கு 0.2 ஆர்க் செகண்ட். ஒரு நிமிடப் படத்தில் 12 ஆர்க் செகண்ட், அதாவது ஆறு பிக்சல் நீளக் கோடு. போலார் அலைன்மென்டை எவ்வளவு நுணுக்கினாலும் இது போகாது.

எடை மட்டுமல்ல, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஒருமுறை ஆடத் தொடங்கினால் எளிதில் அடங்க விடாத நிலைமம் தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும். 4 கிலோ எடையுள்ள குட்டை ரிஃப்ராக்டரைச் சுமக்கும் மவுண்ட், அதே 4 கிலோ எடையில், குழிக் கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் நீண்ட நியூட்டோனியன் குழாயை ஏற்றினால் திணறும். லேசான காற்றுக்கே அந்தக் குழாய் பாய்மரம் ஆகிவிடும்.

சந்தேகம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. பிரகாசமான விண்மீனை லைவ் வியூவில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, குழாயின் முனையை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். இரண்டு நொடிக்குள் அடங்கினால் நல்லது. நாலைந்து நொடி துள்ளிக்கொண்டே இருந்தால் அந்தக் கூட்டணி படத்துக்கு ஆகாது. எடுத்த படத்தையும் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மூலை, நடு எல்லா இடத்திலும் விண்மீன்கள் ஒரே திசையில் நீண்டிருந்தால் கோளாறு மவுண்டிலோ காற்றிலோ. நடுவில் உருண்டையாகவும் மூலைகளில் மட்டும் இழுபட்டும் இருந்தால் மவுண்டைத் திட்டாதீர்கள். அது லென்ஸ் இடைவெளிச் சமாசாரம், கீழே வருகிறது.

5 கிலோ வகை டிராக்கர் என்றால் 135 மி.மீ. லென்ஸ், அல்லது 250 மி.மீ. அளவில் ஒன்றரைக் கிலோ ரிஃப்ராக்டர். கைடிங் இல்லாமல் 30 முதல் 60 நொடி. 400 மி.மீ.க்கு மேல் போக ஆசைப்பட்டால் மவுண்டையும் அடுத்த படிக்கு ஏற்றியே ஆக வேண்டும்.

பெரிதாக்கிக் காட்டும் குழாய்தான் நல்லது என்று நினைப்பது

ஆழ்வானத்தில் பல இலக்குகள் பெரியவை, ஆனால் மங்கலானவை. ஆண்ட்ரோமீடா விண்மீன் பேரடை சுமார் 3 டிகிரி நீளம். ஆறு முழு நிலாக்களை வரிசையாக வைத்த அகலம். ஓரியன் நெபுலா சுமார் 1 டிகிரி. பல டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரோடு 2032 மி.மீ. குவியத்தூரமுள்ள 8 அங்குல ஷ்மிட்-கேசக்ரெயின் வகைக் குழாயை மாட்டினால் கிடைக்கும் சட்டகம் முக்கால் டிகிரிகூட இல்லை. ஆண்ட்ரோமீடாவின் மையம் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டாக விழும். அதே சென்சாருக்கு 250 மி.மீ. குழாய் 5.4-க்கு 3.6 டிகிரி தரும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். அந்த 2032 மி.மீ.யில் 3.76 மைக்ரான் பிக்சலுக்கு 0.38 ஆர்க் செகண்ட் விழும். காற்று மண்டலத்தின் நடுக்கமே சாதாரண இரவில் 2, 3 ஆர்க் செகண்டுக்கு விண்மீனைப் பரப்பிவிடுகிறது. அதற்குக் கீழே நுணுக்கம் தேடிப் பயனில்லை. மவுண்டின் சிறு பிசகு மட்டும் பூதாகரமாகத் தெரியும். எஃப்/10-ல் (குவியத்தூரம் குழாய் வாயின் விட்டத்தைப்போல் பத்து மடங்கு) ஒரு பிக்சலுக்கு வரும் ஒளி எஃப்/5-ஐவிட நான்கில் ஒரு பங்கு. இலக்கு கோள்கள் என்றால் கதை வேறு. அங்கே நீண்ட குழாய்தான் ராஜா.

அக்ரோமேட் குழாய்

வேண்டாம். எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காத ரிஃப்ராக்டர் இது; விண்மீனைச் சுற்றி விழும் நீல வளையத்தை மென்பொருளில் துடைத்துக்கொண்டே விடிந்துவிடும்.

கண்ணுக்கான நியூட்டோனியனில் கேமராவை மாட்டுவது

வாங்கிய பிறகு பலர் திகைத்து நிற்கும் இடம். ஃபோகசரை முழுக்க உள்ளே தள்ளியும் விண்மீன் புள்ளி ஆகாமல் வட்டத் தட்டாகவே நிற்கும். கண்ணாடியில் பழுதில்லை. கண்ணால் பார்க்கும் ஐபீஸுக்காகச் செய்த குழாயில் குவியும் இடம் ஃபோகசர் வாயை ஒட்டி இருக்கும். டிஎஸ்எல்ஆரின் சென்சாரோ, கேமராவைக் குழாயோடு இணைக்கும் டி-ரிங்கோடு சேர்த்து 55 மி.மீ. வெளியே உட்காரும். பார்லோ லென்ஸ் போட்டால் ஃபோகஸ் கிடைக்கும், ஆனால் குவியத்தூரம் இரட்டித்து ஒளி கால் பங்காகும். முதன்மைக் கண்ணாடியை மேலே நகர்த்தி வைப்பவர்களும் உண்டு; முதல் குழாயில் அந்த அறுவைச் சிகிச்சை தேவையா? வாங்குமுன் "கேமராவோடு ஃபோகஸ் வருமா" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

55 மி.மீ.யை "சுமாராக" வைப்பது

ஃப்ளாட்னர், குவியத்தூரத்தைக் குறைக்கும் ரெட்யூசர் பலவற்றுக்கும் அவற்றின் பின்பக்கத்திலிருந்து சென்சார் 55 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். கேனான் இஎஃப் உடலில் 44 மி.மீ. உள்ளேயே இருக்கிறது, டி-ரிங் 11; கணக்கு முடிந்தது. மிரர்லெஸ் உடலில் அந்த ஆழம் குறைவு, சோனி இ-மவுண்டில் 18 மி.மீ.தான், மீதி 37-ஐ அடாப்டரால் நிரப்ப வேண்டும். குளிரூட்டும் கேமராக்களில் பரவலாக 17.5 மி.மீ.; கூட வரும் 21, 16.5 மி.மீ. குழாய்த் துண்டுகளைச் சேர்த்தால் 55. நடுவில் ஃபில்டர் வந்தால் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள்: 2 மி.மீ. ஃபில்டருக்கு 0.7, ஆக 55.7. ஒரு மி.மீ. பிசகினாலே மூலை விண்மீன்கள் இழுபடும். மெல்லிய ஷிம் வளையங்கள் சில பையில் இருக்கட்டும். இந்தக் கணக்கே தலைவலி என்பவர்கள் ஃப்ளாட்னர் உள்ளேயே அமைந்த பெட்ஸ்வால் வகைக் குழாயை எடுக்கலாம். ஃபோகஸ் ஆனால் போதும், இடைவெளி பற்றிக் கவலையில்லை.

ஆல்ட்-அசிமுத் மவுண்டில் நீண்ட எக்ஸ்போஷர்

மேல்-கீழ், இட-வலமாக மட்டும் திரும்பும் இந்த மவுண்டில் படம் நடுவைச் சுற்றிச் சுழலும். கைடிங் அதைக் காப்பாற்றாது.

ஸ்ட்ரெயின் வேவ் மவுண்ட் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை

வளையும் பல்சக்கரத்தால் ஓடும் இந்த லேசான மவுண்டுகள் பயணத்துக்கு வரம்தான், மறுப்பதற்கில்லை. வழக்கமான வகையில் ஸ்கை-வாட்சர் இக்யூ6-ஆர் தலை மட்டும் 17 கிலோவுக்கு மேல். எதிர் எடைகளும் முக்காலியும் சேர்ந்தால் 35 கிலோவைத் தொடும். ஸ்ட்ரெயின் வேவ் வகையான இசட்டபிள்யூஓ ஏஎம்5 தலை 5 கிலோ, எதிர் எடை இல்லாமலேயே 13 கிலோ சுமக்கும் என்கிறது அதன் விவரப் பட்டியல். முதுகெலும்பு நன்றி சொல்லும்.

ஆனால் இந்த கியரின் பிசகு வார்ம் கியரைப்போல மெதுவாக வளைந்து வராது, சட்டென்று சாயும். எனவே கைடிங் இல்லாமல் இதை வாங்குவதில் அர்த்தமில்லை. கைடு கேமராவின் எக்ஸ்போஷரை அரை நொடி முதல் ஒரு நொடிக்குள் வையுங்கள். பழைய மவுண்டில் பழகிய மூன்று நான்கு நொடி இங்கே தாமதம்.

எதிர் எடை இல்லாததன் விலை இன்னொன்று. குழாய் ஒரு பக்கம் சாயும்போது மொத்த எடையும் அந்தப் பக்கம் போகும். கால்கள் குறுகலான கார்பன் முக்காலியில் அப்படியே குப்புறக் கவிழ்ந்துவிடும். ஒரு கால் துருவத்தைப் பார்த்து இருக்கட்டும். முக்காலியின் நடுக் கொக்கியில் தண்ணீர் கேனையோ பேட்டரிப் பையையோ, தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி தொங்கவிடுங்கள். காற்றில் ஊசலாட விட்டால் அதுவே புது நடுக்கம்.

புகைப்பட முக்காலி

கால்களை நீட்டாமல், நடுத்தண்டை உயர்த்தாமல் வைக்க முடியும் என்றால் சிறு டிராக்கருக்குப் போதும். நடுத்தண்டை உயர்த்தினால் முடிந்தது. மணலிலும் புல்லிலும் ஒவ்வொரு கால் அடியிலும் ஒரு தட்டைப் பலகைத் துண்டு.

மின்சாரத்தைக் கடைசியில் யோசிப்பது

மவுண்ட் 1 ஆம்பியர், குளிரூட்டும் கேமரா 2, ஹீட்டர் பட்டைகள் 0.8, சின்னக் கணினி 1. மொத்தம் 4.8 ஆம்பியர், ஆறு மணி நேரத்துக்கு 29 ஆம்பியர்-மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது, ஆகவே 60 ஆம்பியர்-மணி வேண்டும்; அதைத் தூக்கும்போது "தூக்கிச் செல்லும் கருவி" என்ற பேச்சே சிரிப்பாகிவிடும். அதே வேலைக்கு 40 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஏறக்குறைய 5 கிலோ.

வயரை மறக்க வேண்டாம். 0.5 சதுர மி.மீ. தடிமனில் 2 மீட்டர் வயர் போனால், போகவும் வரவும் 4 மீட்டர் செம்பு. 5 ஆம்பியரில் 0.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். பேட்டரி 12 வோல்ட் காட்டினாலும் மவுண்டுக்குப் போய்ச் சேர்வது 11.3. ஹீட்டர் சூடாகி, கேமரா குளிரத் தொடங்கும் அந்த நேரத்தில் மவுண்ட் தானாக ரீசெட் ஆனால் முதலில் வயரை மாற்றுங்கள், மென்பொருளை அல்ல. 1.5 சதுர மி.மீ. வயர், முடிந்தவரை குட்டையாக.