அச்சு வாங்கும் முன் குழலை அளந்துவிடுங்கள்
7.65 மி.மீ. பிரவுனிங் தோட்டா போடும் பழைய கைத்துப்பாக்கிக்கு ஈயக் குண்டு வார்க்க அச்சு வாங்கும் முன், காலியான துப்பாக்கியின் குழலைக் கழற்றி, எண்ணெய் தடவிய மென்மையான ஈயத் துண்டைப் பித்தளைக் கம்பியால் உள்ளே தட்டி மறுபக்கம் எடுங்கள். அதன் அதிகபட்ச விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, 0.025 மி.மீ. கூடுதலான குண்டைத் தேர்ந்தெடுங்கள். பழைய குழல்கள் பெயரளவில்தான் ஒரே அளவு. குண்டு சிறுத்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை உருக்கி, குழல் முழுக்க அப்பிவிடும். அப்புறம் அதைச் சுரண்டுவது பெரும்பாடு.

குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் சாதாரண மைக்ரோமீட்டர் சரியாகக் காட்டாது. வால்தர் பிபி கைத்துப்பாக்கி போல, சட்டத்தோடு நிலையாகப் பொருத்திய குழல் என்றால் கழற்ற வேண்டாம். சிலைடை (மேலே முன்பின் நகரும் பகுதியை) மட்டும் எடுத்துவிட்டு, குண்டு வெளியேறும் வாய்ப்பக்கமிருந்து தட்டுங்கள்.