மலிவு விலை ஹைட்ரோஃபாயில்: வாங்கியதும் சரிபார்க்க வேண்டியவை

ஹைட்ரோஃபாயில் என்பது போர்டின் அடியில் மாட்டி, வேகம் பிடித்ததும் போர்டை நீருக்கு மேலே தூக்கும் சாதனம். போர்டிலிருந்து செங்குத்தாக இறங்கும் கம்பம் மாஸ்ட், அதன் அடியில் நீளவாக்கில் இருக்கும் தண்டு ஃப்யூஸலாஜ், தண்டின் முன்னும் பின்னும் இறக்கை போல இருப்பவை விங்குகள். விலை குறைந்த அலுமினிய ஹைட்ரோஃபாயில் வாங்கியவர்கள் ஓட்டம் சரியில்லை என்றால் உடனே வேறு விங் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பணத்தைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். இந்த விலைப் பொருளில் கோளாறு பெரும்பாலும் மூட்டுகளிலும் பின் விங்கின் கோணத்திலும்தான் இருக்கும். இரண்டுமே வீட்டில் சரிசெய்யக்கூடியவை.

கற்றுக்கொள்பவருக்கு 1,500 முதல் 2,000 சதுர செ.மீ. வரை முன் விங்கும் 60–75 செ.மீ. மாஸ்ட்டும் போதும். ஆளும் போர்டும் சேர்ந்து 90 கிலோ என்றால், 1,800 சதுர செ.மீ. விங் கடல்நீரில் மணிக்குச் சுமார் 13 கி.மீ. வேகத்தில் தூக்கத் தொடங்கும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதே கோணத்தில் 18 கி.மீ. போனாலே ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். கற்றுக்கொள்பவரைப் படகில் கயிறு கட்டி இழுப்பவர் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் அதிகமாக முடுக்கினாலும் விங் நீருக்கு மேலே வந்து, பிடிமானம் போய், போர்டு தலைகுப்புற விழும்.

தண்ணீரில் இறங்கும் முன் ஃபாயிலை மாட்டி, போர்டைக் கவிழ்த்து வையுங்கள். முன் விங்கின் இரு முனைகளையும் பிடித்து மேலும் கீழும் அசைத்தபடி, மாஸ்ட்டும் ஃப்யூஸலாஜும் சேருமிடத்தில் இன்னொருவர் விரலை வைக்கட்டும். ‘டிக்’ என்று விரலில் தட்டினால் மூட்டில் ஆட்டம் இருக்கிறது. ஓடும்போது போர்டு தானாகப் பக்கவாட்டில் திரும்புவது போலத் தோன்றுவதற்கு இதுவே முக்கியக் காரணம். குளிர்பானக் கேனின் தகடு சுமார் 0.1 மி.மீ. தடிமன் இருக்கும். அதில் ஒரு பட்டை வெட்டி, ஓரப் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, மூட்டுக்குள் வைத்து இறுக்குங்கள். போதாவிட்டால் இன்னொன்று. ரப்பரோ தடித்த டேப்போ வேண்டாம். நசுங்கி, ஒரே நாளில் ஆட்டம் திரும்பிவிடும்.

போல்ட் ஸ்டெயின்லெஸ், உடம்பு அலுமினியம், நடுவே உப்புநீர்: இந்த மூன்றும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம். மரையில் வெள்ளை மாவு போலப் படிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். டெஃப்-ஜெல் போன்ற டெஃப்லான் பசையை மரை முழுக்கத் தடவுங்கள். கடலில் இருந்து வந்த அன்றே கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மாதக்கணக்கில் மாட்டியே வைத்தால் போல்ட் இறுகி, கழற்றும்போது தலை உருண்டுவிடும்.

முதல் ஓட்டத்துக்கு மார்பளவுக்கு மேல் ஆழம் வேண்டும். ஹெல்மெட்டும் அடியைத் தாங்கும் மெத்தைச் சட்டையான இம்பாக்ட் வெஸ்டும் கட்டாயம். விழும்போது போர்டைப் பிடித்துத் தொங்காமல் ஃபாயிலை விட்டு விலகிக் குதியுங்கள். பாம்பன் பகுதியின் பாக் விரிகுடா பக்கம் போல கடற்புல் உள்ள இடங்களில் ஒரு கொத்துப் புல் மாஸ்ட்டில் சுற்றினாலே வேகம் சட்டென்று விழும். ஃபாயிலைக் குறை சொல்லும் முன் அதைப் பாருங்கள்.

எடை முழுவதையும் முன்காலில் போட்டும் போர்டு ஏறிக்கொண்டே இருந்தால், மாஸ்ட்டை ட்ராக்கில் (போர்டின் அடியில் மாஸ்ட்டை முன்பின் நகர்த்தி மாட்டும் பள்ளம்) 1 செ.மீ. பின்னால் தள்ளுங்கள். எழவே மாட்டேன் என்றால் முன்னால். ட்ராக்கில் இடம் தீர்ந்த பிறகுதான் பின் விங்கில் கை வைக்க வேண்டும். அதன் இரு போல்ட்டுகளுக்கு இடையே 40 மி.மீ. இருந்தால், ஒன்றின் இடத்தில் விங்குக்கும் ஃப்யூஸலாஜுக்கும் நடுவே 0.35 மி.மீ. தகடு கொடுத்தாலே அரை டிகிரி மாறும். ஒரு தடவைக்கு அதற்கு மேல் போகாதீர்கள். பின் விங் ஃப்யூஸலாஜுக்கு மேலே உட்கார்ந்திருந்தால், முன் போல்ட்டில் தகடு வைத்தால் தூக்கல் குறையும், பின் போல்ட்டில் வைத்தால் கூடும். கீழே மாட்டியிருந்தால் இது தலைகீழாக மாறும். போர்டைக் கவிழ்த்து வைத்து வேலை செய்வதால் பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். போர்டு மிதக்கும் நிலையை மனதில் வைத்தே மேல், கீழ் பாருங்கள்.

வெறும் வாஷர் மட்டும் போட்டால் விங் நடுவில் தாங்கல் இல்லாமல் நின்று, ஓட்டையருகே விரிசல் விடும். தகடுகளைப் படிப்படியாக நீளம் குறைத்து ஆப்பு வடிவில் அடுக்குங்கள். அடுக்கியபின் போல்ட் போதிய அளவு மரைக்குள் இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

வேகம் பிடித்ததும் ‘ம்ம்ம்’ என்று ஃபாயில் ரீங்கரித்தால், விங்கின் பின்விளிம்பு மொட்டையாக இருக்கிறது. அங்கிருந்து கழலும் நீர்ச்சுழல்கள் விங்கை அதிர வைக்கின்றன. கப்பல் புரொப்பல்லரிலும் இதே தொல்லை உண்டு, மருந்தும் ஒன்றுதான். விளிம்பின் ஒரு பக்கத்தை மட்டும் சாய்வாகத் தேய்க்க வேண்டும். 240 எண் வாட்டர் பேப்பரை மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் விட்டு, விளிம்பு 0.5 மி.மீ. அளவுக்கு வரும்வரை தேய்த்து, 400-ல் முடியுங்கள். கத்திபோல் கூராக்கினால் காலைக் கிழிக்கும், விளிம்பும் சில்லுவிடும். விங் கார்பன் நாரால் ஆனதாக இருந்து, தேய்த்த நீர் கறுப்பாக வந்தால் நார் வரை போய்விட்டது. அங்கேயே நிறுத்தி, காயவைத்து, மெல்லியதாக எபாக்சி பூசி மூடுங்கள். முகக்கவசம் இல்லாமல் அந்தத் தூசியில் வேலை செய்யவே கூடாது.